இன்னும் ஒரே ஒரு படி: ஹவானா சுகர் கிங்ஸ் அணி மறைந்த கதை

1960 ஜூலையில் கியூபாவுக்கு அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. ஜூலை 6ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஐசனோவர், அந்த ஆண்டு கியூபாவிடமிருந்து வாங்க வேண்டியதில் மீதமிருந்த 7 லட்சம் டன் சர்க்கரையை இனி வாங்கப்போவதில்லை என்று அறிவித்தார். சில நாட்கள் கழித்து இன்டர்நேஷனல் லீக் என்ற பேஸ்பால் லீக், தன் ஹவானா அணியை அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்கு மாற்றிவிட்டது. அந்த அணியின் பெயர் சுகர் கிங்ஸ், சர்க்கரை ராஜாக்கள்.

அப்போது சீசன் பாதிதான் முடிந்திருந்தது. வெளியூர் ஆட்டங்களுக்காகப் பெட்டியோடு கிளம்பிப் போன வீரர்கள், ஒரு அணியாக மறுபடி ஹவானாவுக்குத் திரும்பவே இல்லை. மேனேஜர், அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவர், டோனி காஸ்தான்யோ. அவர் பதவியை விட்டுவிட்டு கியூபாவுக்கே திரும்பினார். நாப்போலியோன் ரேயஸ் பொறுப்பேற்று, மிச்ச ஆட்டங்களை வேறு ஊரின் பெயரில் நடத்தி முடித்தார்.

இந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காட்சிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்று, ஃபிடல் காஸ்ட்ரோ பந்து எறிந்தது. இன்னொன்று, ஆட்டத்தின் நடுவே துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இரண்டும் நடந்தவைதான், நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்த அணி எதற்காகப் பிறந்தது, எதைப் பிடித்துக்கொண்டு நின்றது, எது அறுந்தபோது விழுந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. ஏனென்றால் ஆள் வராமலோ தோற்றுத் தோற்றோ இந்த அணி மூடப்படவில்லை. கோப்பையை வென்ற ஒன்பதே மாதத்தில் அது ஊரைவிட்டுப் போனது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்பால் கியூபாவுக்கு அமெரிக்கா கொண்டுபோய்க் கொடுத்த ஆட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1860களில் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த கியூப இளைஞர்கள் மட்டையையும் பந்தையும் தாங்களே கொண்டுவந்தார்கள். அப்போது தீவு ஸ்பெயினின் கையில் இருந்தது. காளைச் சண்டை ஆள்கிறவர்களின் கேளிக்கை, பேஸ்பால் விடுதலை வேண்டியவர்களின் ஆட்டம் என்று ஊர் பிரிந்து நின்றது. ஸ்பானிய அதிகாரிகள் ஒரு கட்டத்தில் தடையே போட்டார்கள். 1878லேயே அங்கே ஒரு லீக் தொடங்கிவிட்டது. கியூபர்கள் இந்த ஆட்டத்தை 'பெலோட்டா' என்கிறார்கள், வெறும் 'பந்து' என்றுதான் அதற்குப் பொருள். வேறு பந்தாட்டம் எதையும் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு இருந்ததில்லை.

1950களில் அந்த உள்ளூர் லீக்கில் நான்கு அணிகள் இருந்தன: ஹவானா, அல்மெந்தாரஸ், மரியானாவோ, சியன்ஃபுவேகோஸ். குளிர்காலத்தில்தான் ஆட்டம். ஹவானாவின் சிவப்புக்கும் அல்மெந்தாரஸின் நீலத்துக்கும் இடையிலான போட்டி வீட்டுக்குள்ளேயே அண்ணன் தம்பியைப் பிரித்துவிடும். அமெரிக்காவிலிருந்தும் நல்ல வீரர்கள் குளிர்காலத்தில் வந்து ஆடுவார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மைதானத்தில் சேர்ந்து ஆடுவது அங்கே 1900களின் தொடக்கத்திலிருந்தே வழக்கம். அமெரிக்காவின் பெரிய லீக்கில் அது 1947இல்தான் நடந்தது.

சரி, குளிர்காலத்துக்கு இது போதும். கோடைக்கு? அங்கேதான் ராபர்த்தோ மதுரோ வருகிறார். எல்லோரும் பாபி மதுரோ என்று கூப்பிட்ட மனிதர். சர்க்கரையிலும் காப்பீட்டிலும் பணம் சேர்த்த குடும்பம், அமெரிக்காவில் படிப்பு. 1946இல் கூட்டாளியோடு சேர்ந்து ஹவானாவின் செர்ரோ பகுதியில் 'கிரான் ஸ்டேடியம்' என்ற மைதானத்தைக் கட்டினார். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம், இரவு ஆட்டத்துக்கு விளக்குகளும் உண்டு. பிறகு, ஃப்ளோரிடா வட்டார லீக் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த ஹவானா கியூபன்ஸ் என்ற சிறிய அணியை வாங்கினார். அது அவருக்குப் போதவில்லை.

இந்த இடத்தில் மைனர் லீக் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதற்குக் கீழே படிப்படியாகப் பல லீக்குகள், அன்றைய கணக்கில் டி வகுப்பில் தொடங்கி டிரிபிள்-ஏ வரை. சின்னச் சின்ன ஊர்களின் அணிகள் அவற்றில் ஆடும். ஒவ்வொரு அணியும் பொதுவாக ஒரு மேஜர் லீக் அணியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். வீரர்களை மேலே இருப்பவர்கள் அனுப்புவார்கள், சம்பளத்திலும் பங்கெடுப்பார்கள். வேண்டும்போது நடு சீசனில்கூட யாரை வேண்டுமானாலும் மேலே இழுத்துக்கொள்வார்கள். உள்ளூர் முதலாளியிடம் இருப்பது மைதானம், டிக்கெட், ஜெர்சி, கூட்டம். அப்புறம், அந்த லீக்கில் ஓர் இடம். அந்த இடத்தைத் தருவதும் வேறு ஊருக்கு மாற்றுவதும் லீக்கின் கையில். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் 1960இல் நடந்தது புரியும்.

1954இல் மதுரோவுக்கு இன்டர்நேஷனல் லீக்கில் இடம் கிடைத்தது. அது டிரிபிள்-ஏ, மேஜர் லீக்குக்கு நேர் கீழ்ப்படி. அந்த லீக்கின் தலைவர் ஃபிராங்க் ஷாக்னெசிக்கும் புது ஊர் தேவைப்பட்டது. 1949இல் மைனர் லீக்குகள் 59 இருந்தன, சுமார் 4 கோடி பேர் டிக்கெட் வாங்கினார்கள். அப்புறம் தொலைக்காட்சி வந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி நியூயார்க் யாங்கீஸைப் பார்க்க முடிந்தபோது, பக்கத்து ஊர்ச் சின்ன அணிக்கு யார் போவார்கள்? லீக்குகள் மளமளவென்று சரிந்துகொண்டிருந்தன. பேஸ்பால் மேல் உயிரையே வைத்திருந்த ஒரு தலைநகரம், பெரிய மைதானத்தோடு வாசலில் வந்து நின்றது. ஷாக்னெசி கதவைத் திறந்தார்.

மதுரோ அணிக்கு வைத்த பெயர் சுகர் கிங்ஸ், ஸ்பானிய மொழியில் 'ரேயஸ் தெல் அசூகர்'. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வாசகம்: 'இன்னும் ஒரு படி, வந்துவிட்டோம்'. அந்த ஒரு படி மேஜர் லீக். ஹவானாவுக்கு மேஜர் லீக் அணி வர வேண்டும் என்பதுதான் இந்த அணியின் முழு நோக்கமும். அன்றைக்கு அதைப் பகல்கனவு என்று சொல்லிவிட முடியாது. அதே லீக்கில் ஆடிய மற்ற ஊர்களைப் பாருங்கள். மான்ட்ரியால் இருந்தது, அந்த ஊருக்கு 1969இல் மேஜர் லீக் அணி வந்தது. டொராண்டோ இருந்தது, 1977இல் வந்தது. 1956இல் மயாமி சேர்ந்தது, 1993இல் வந்தது. ஹவானாவுக்கு வரவே இல்லை.

1955 முதல் சின்சினாட்டி அணியோடு ஒப்பந்தம். 'ரெட்ஸ்' என்பதுதான் அந்த அணியின் பழைய பெயர். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் 'சிவப்பர்கள்' என்ற பெயரைத் தாங்க அந்த அணிக்கே பயம். அதனால் 'ரெட்லெக்ஸ்' என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு ஹவானாவில் என்ன நடக்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஆட்டங்களுக்குப் போய் வருவது லேசான வேலை இல்லை. ஹவானாவிலிருந்து ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் முனை 90 மைல்தான். ஆனால் டொராண்டோ 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். விமானத்தில் போய்க் குளிரில் ஆடிவிட்டு வர வேண்டும். ரிச்மண்ட் மாதிரியான தென்பகுதி ஊர்களில் கறுப்பு வீரர்களுக்கு அணி தங்கும் ஓட்டலில் இடம் கிடையாது. சொந்த ஊரில் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் அங்கே பிரிந்து போய்த் தங்கினார்கள். ஹவானாவில் ஆரம்பத்தில் கூட்டம் நன்றாக வந்தது, பிறகு குறைந்தது. சியர்ரா மாயெஸ்த்ரா மலையில் காஸ்ட்ரோவின் கொரில்லாப் போர் வலுத்துக்கொண்டிருந்தது, நகரத்தில் குண்டுகள் வெடித்தன. 1958 பிப்ரவரியில் கார் பந்தயத்துக்கு வந்த உலக சாம்பியன் ஃபாஞ்சியோவை ஹவானா ஓட்டலிலிருந்தே கிளர்ச்சியாளர்கள் கடத்தி, பிறகு விடுவித்தார்கள். ராத்திரி ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போக எவருக்குத் துணிச்சல் வரும்?

1959 ஜனவரி 1ஆம் தேதி சர்வாதிகாரி பதிஸ்தா தப்பியோடினார். காஸ்ட்ரோ வந்தார். அவரைப் பற்றி ஒரு கதை இன்றும் உலவுகிறது: இளமையில் மேஜர் லீக் அணியொன்று அவரைப் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, எடுக்கப் பார்த்ததாம், எடுத்திருந்தால் புரட்சியே வந்திருக்காதாம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பள்ளியில் அவர் நன்றாக ஆடியது கூடைப்பந்து. ஆனால் பேஸ்பால் பிடிக்கும், அந்த ஆட்டம் மக்களுக்கு என்ன என்பதும் தெரியும். 1959 ஜூலை 24 இரவு, சுகர் கிங்ஸ் ஆட்டத்துக்கு முன்னால் 'பார்புதோஸ்', அதாவது தாடிக்காரர்கள் என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு அவர் பந்து எறிந்தார். எதிரணிக்கு ஆட வேண்டியவர் தளபதி கமீலோ சியன்ஃபுவேகோஸ். ஃபிடலுக்கு எதிராகப் பந்தாட்டத்தில்கூட நிற்க மாட்டேன் என்று சொல்லி, அவரும் தாடிக்காரர் சட்டையையே மாட்டிக்கொண்டார்.

மறுநாள் இரவு நடந்ததுதான் அந்தக் குண்டுச் சம்பவம். கியூபப் புரட்சி தொடங்கிய நாளின் ஆண்டுவிழா ஜூலை 26. 25ஆம் தேதி இரவு ராச்செஸ்டர் அணியோடு நடந்த ஆட்டம் முடிவு தெரியாமல் கூடுதல் இன்னிங்ஸுக்கு நீண்டது. மணி பன்னிரண்டு அடித்ததும் ஆட்டத்தை நிறுத்தி, விளக்கை அணைத்து, தேசிய கீதம் பாடினார்கள். மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வேட்டுச் சத்தம், எல்லாம் வானத்தைப் பார்த்துச் சுட்ட துப்பாக்கிகள். மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆக வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகும் சூடு நிற்கவில்லை. நடுவரோடு சண்டை போட்டு ராச்செஸ்டர் மேனேஜர் காட் டீல் வெளியேற்றப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக மூன்றாம் பேஸ் அருகே நின்றவர் ஃபிராங்க் வெர்டி. அவர் தொப்பிக்குள் பேட்டர்கள் வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையை வைத்திருந்தார். குண்டு அந்தத் தொப்பியில் பட்டுச் சறுக்கி, காதையும் தோளையும் உரசிக்கொண்டு போனது. ஹவானாவின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர், லியோ கார்தெனாஸுக்கும் தோளில் உரசல். இருவருக்கும் பெரிய காயம் இல்லை. ராச்செஸ்டர் அணி அடுத்த ஆட்டத்தை ஆடாமல் ஊர் திரும்பியது. அமெரிக்கப் பத்திரிகைகளில் இது பெரிய செய்தி. ஹவானா ஆபத்தான ஊர் என்ற பேச்சு அன்றோடு ஒட்டிக்கொண்டது, பிறகு உதிரவே இல்லை.

ஆனால் அதே 1959தான் அந்த அணியின் பொற்காலமும். பிரஸ்டன் கோமஸ் மேனேஜர். லீக்கில் மூன்றாவதாக முடித்த அணி, பிளேஆஃபில் கொலம்பஸையும் ரிச்மண்டையும் வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. அடுத்தது ஜூனியர் வேர்ல்ட் சீரிஸ், இன்னொரு டிரிபிள்-ஏ லீக்கின் சாம்பியனான மினியாபோலிஸ் மில்லர்ஸோடு ஏழு ஆட்டத் தொடர். முதல் ஆட்டங்கள் மினியாபோலிஸில். செப்டம்பர் முடிவிலேயே அங்கே உறைகிற குளிர். ஹவானா வீரர்கள் டக்அவுட்டில், அதாவது மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடத்தில், குப்பைக் கூடையில் நெருப்பு மூட்டிக் கையைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆளுக்கொன்று ஜெயித்த நிலையில் மூன்றாவது ஆட்டத்தைப் பனி வந்து மூடியது. மிச்ச ஆட்டங்கள் எல்லாமே ஹவானாவில் என்று முடிவு செய்தார்கள்.

ஹவானாவில் அந்த ஐந்து ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். மைதானம் முழுக்கத் துப்பாக்கி ஏந்திய வீரர்கள், சிலர் டக்அவுட் பக்கத்திலேயே. காஸ்ட்ரோ வந்து உட்கார்ந்து பார்த்தார். மில்லர்ஸ் வீரர்கள் பயந்துபோய் ஆடியதாகப் பின்னால் சொன்னார்கள். அப்படி இருந்தும் 3–1 என்று பின்தங்கியிருந்த அவர்கள், அடுத்த இரண்டையும் ஜெயித்து 3–3 என்று சமன் செய்தார்கள். அக்டோபர் 6, ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ் வரை மில்லர்ஸ் 2–0 என்று முன்னிலை. ஹவானா அதே இன்னிங்ஸில் இரண்டையும் திருப்பியது. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட் ஆன பிறகு தானியேல் மொரேஹோன் நடு மைதானத்துக்கு ஒரு அடி அடித்தார். ராவுல் சான்செஸ் ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். 3–2. மொத்த மைதானமும் உள்ளே இறங்கிவிட்டது. எதிரணியில் இருந்த இருபது வயசுப் பையன் ஒருவன் பின்னாளில் பாஸ்டனின் பெரும் நட்சத்திரமான கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. மில்லர்ஸ் மேனேஜர் ஜீன் மாக் பிற்காலத்தில் மேஜர் லீக்கில் கால் நூற்றாண்டுக்கும் மேல் மேனேஜராக இருந்தவர். ஜெயித்த பக்கத்தில் மைக் குவேயார், குக்கி ரோஹாஸ், டோனி கொன்சாலெஸ், கார்தெனாஸ், வெனிசுவேலாவின் எலியோ சக்கோன் என்று மேஜர் லீக்குக்குப் போன பெயர்கள் வரிசையாக உண்டு. குவேயார் 1969இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையே பகிர்ந்துகொண்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1960 பிப்ரவரியில் கியூபா சோவியத் யூனியனோடு சர்க்கரை ஒப்பந்தம் போட்டது. மார்ச்சில் ஆயுதம் ஏற்றிவந்த லா கூப்ர் கப்பல் ஹவானா துறைமுகத்தில் வெடித்தது. ஜூன் கடைசியில் அமெரிக்க எண்ணெய் ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் சர்க்கரை நிறுத்தம். அதற்குப் பின்னாலேயே அணி மாற்றம். வீரர்களின் பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிறிஸ்டியன் ஹெர்ட்டரின் அழுத்தம் இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அணிக்குக் கடன் இருந்தால் அடைக்கிறோம், அணி கியூபாவில்தான் இருக்க வேண்டும் என்று காஸ்ட்ரோ முன்பே உறுதி சொல்லியிருந்தார். அதனால் எந்தப் பயனும் இல்லை. லீக்கில் இருந்த இடம் லீக்குக்குச் சொந்தம், வீரர்கள் சின்சினாட்டியின் ஒப்பந்தத்தில். ஹவானாவிடம் மிஞ்சியது மைதானமும் அதில் உட்காரும் மக்களும்தான். ஒரு கையெழுத்தில் ஊர் மாறியது.

பாதுகாப்புக் காரணத்தை நான் பொய் என்று தள்ளவில்லை. தொப்பியில் குண்டு பட்டது நிஜம். ஆனால் அதற்குப் பிறகும் ஓராண்டு அங்கே ஆடினார்கள், கோப்பைத் தொடரையே ஆடினார்கள். ஜூலையில் மாறியது மைதானத்தின் நிலைமை அல்ல, இரு அரசுகளின் உறவு. மதுரோவே இதைத் தவறு என்று சொன்னார். இரு நாட்டு மக்களையும் இணைத்திருந்த வலுவான கயிறு பேஸ்பால், அதை அறுத்திருக்கக் கூடாது என்பது அவர் வாதம். தன் சொத்தைப் பறித்துக்கொண்டிருந்த அரசுக்குப் பரிந்து பேச வேண்டிய அவசியம் அந்த மனிதருக்கு இல்லை. அதனால்தான் அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

ஜெர்சி சிட்டியில் 'ஜெர்சீஸ்' என்று பெயர் மாறிய அணியைப் பார்க்க ஆளே வரவில்லை. மறு ஆண்டே மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பு வீரர் ஜாக்கி ராபின்சன், 1946இல் மான்ட்ரியால் அணிக்காக முதல் ஆட்டம் ஆடிய ரூஸ்வெல்ட் ஸ்டேடியம்தான் அது, இருந்தும் காலி இருக்கைகள். 1962இல் அணியின் இடம் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்குப் போனது, 1969இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் பகுதிக்கு. நார்ஃபோக் டைட்ஸ் என்ற பெயரில் இன்றும் ஆடுகிறார்கள்.

கியூபாவில் 1960–61 குளிர்கால லீக் உள்ளூர் வீரர்களோடு மட்டும் நடந்தது, அதுவே கடைசி. 1961இல் தொழில்முறை விளையாட்டை அரசு ஒழித்தது. 83 ஆண்டு லீக் முடிந்தது. வீரர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: ஊரா, ஆட்டமா. ஆட்டத்துக்காகப் போன பலரும் பெற்றோரைப் பல ஆண்டுகள் பார்க்க முடியாமல் போனது. அடுத்த மேஜர் லீக் அணி ஹவானாவில் ஆட 1999 மார்ச் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் கியூப அணியை 11 இன்னிங்ஸில் 3–2 என்று வென்றது. அதே செர்ரோ மைதானம், பார்வையாளர் வரிசையில் அதே காஸ்ட்ரோ.

மதுரோ சொத்துகளை இழந்து மயாமிக்குப் போனார். பேஸ்பால் ஆணையர் அலுவலகத்தில் லத்தீன் அமெரிக்க உறவுகளைக் கவனிக்கும் வேலை பார்த்தார். 1979இல், அறுபதைத் தாண்டிய வயதில், மறுபடி ஒரு முறை முயன்றார். மயாமி, கராக்கஸ், சான்டோ டொமிங்கோ என்று கரீபியக் கடலைச் சுற்றி ஆறு அணிகளோடு இன்டர்-அமெரிக்கன் லீக். அதுவும் டிரிபிள்-ஏ. பணமும் விமானப் பயணமும் ஒத்துழைக்காமல் ஜூன் கடைசியிலேயே லீக் கலைந்தது. 1986இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு மயாமியின் பழைய ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2001இல் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். ஹவானாவில் அவர் கட்டியது இன்னும் இருக்கிறது. எஸ்தாதியோ லத்தீனோஅமெரிக்கானோ என்று பெயரை மாற்றி, இருக்கைகளைப் பெருக்கியிருக்கிறார்கள். உள்ளூர் அணி அங்கேதான் ஆடுகிறது.